சிக்கனமும் மிடுக்கும்: பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸில் ஆணுடை தரித்த பெண்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1. பிரச்சினை

ஜோர்ஜ் சாண்ட் என்னும் புனைபெயரால் உலக இலக்கியத்தில் இடம்பெற்ற ஓரோர் டூப்பன் (1804-1876) காற்சட்டையும் கோட்டும் அணிந்து பாரிஸ் வீதிகளில் நடந்து திரிந்தவர் என்பது, அவரது நாவல்களுள் ஒன்றையேனும் படித்திராதவர்க்கும் தெரிந்த செய்தியாகும். இச்செய்தியை எடுத்துரைத்தோர் பெரும்பாலும் இருவகையில் அதனை விளக்கியுள்ளனர். ஒரு சாரார் இதனை எழுத்தாளர் ஒருவரின் விசித்திரப் போக்காகக் கொண்டனர். மற்றொரு சாரார் மரபை மீறத் துணிந்த ஆளுமையின் வெளிப்பாடெனப் போற்றினர். நகைத்தோரும் போற்றியோரும் ஒரு விடயத்தில் உடன்பட்டே நின்றனர். உடையை அவர்கள் தனிமனித மனப்பாங்கின் அடையாளமாக மாத்திரமே நோக்கினர்.

ஆயின், 1854-55 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தமது தன்வரலாற்றிற் சாண்ட் தாமே கூறும் காரணம் வேறு. அது வரவு செலவுக் கணக்கைச் சார்ந்தது. பெண்ணுடையில் வாழ்வதற்குப் பணம் போதவில்லை, ஆணுடையிற் போதியது. இந்த எளிய கூற்றை வரலாற்றுச் சான்றாகக் கொண்டு நோக்கின், தனியொருவரின் விசித்திரமாகத் தோன்றிய செயல் ஒரு சமுதாய அமைப்பின் உட்கட்டை நமக்குக் காட்டுவதாக அமையும். ஆணுடை ஏன் மலிவாக இருந்தது? பெண்ணுடை ஏன் செலவு மிக்கதாக இருந்தது? மலிவான ஆணுடையை நாடிய பெண்ணை அரசு ஏன் பொலிஸ் நிலையத்துக்கு அழைத்தது? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மிடுக்கான தோற்றம் என்பது வர்க்கத்தாலும் சட்டத்தாலும் பங்கிடப்பட்ட ஒரு பொருள் என்பதும், சிக்கனத்தின் வழியாக அதனை எட்டிப்பிடித்த பெண்கள் அதன் எல்லைகளையும் ஒருங்கே எதிர்கொண்டனர் என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்துகளாம்.

2. ஆணுடை அடைந்த மாற்றம்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை ஐரோப்பியப் பிரபுக்களின் உடை பெண்ணுடைக்குச் சற்றும் குறையாத பகட்டுடையதாக இருந்தது. பட்டு, சரிகை, பொய்மயிர், முழங்காலளவில் இறுகிய குறுங்காற்சட்டை, பட்டுக் காலுறை ஆகியன நிலமானிய ஆதிக்கத்தின் புறச் சின்னங்களாக விளங்கின. கணுக்கால்வரை நீண்ட காற்சட்டையோ மாலுமிகளும் கைவினைஞரும் உழைப்பின் பொருட்டு அணிந்தது. 1789 ஆம் ஆண்டுப் புரட்சியில் எழுச்சி கொண்ட பாரிஸ் நகரச் சாமானியர் ‘குறுங்காற்சட்டை அணியாதோர்’ எனப் பொருள்படும் பெயரால் அழைக்கப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. ஒரு வர்க்கம் தன் காற்சட்டையின் நீளத்தாற் பெயர்பெற்றது.

புரட்சியிற் பயனடைந்த பூர்ஷ்வா வர்க்கம் இந்த நீண்ட காற்சட்டையைத் தனதாக்கிக்கொண்டது. உழைப்பாளியின் உடை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற் கால்நூற்றாண்டு கழிவதற்குள், வங்கியாளரதும் வழக்கறிஞரதும் உடையாயிற்று. வண்ணம் மறைந்து கறுப்பும் சாம்பலும் கருநீலமும் எஞ்சின. சரிகையின் இடத்தைக் கம்பளித் துணியின் நேர்த்தியான வெட்டும், வெள்ளைக் கழுத்துப்பட்டியின் தூய்மையும் பெற்றன. இம்மாற்றத்தை 1930 இல் உளவியலறிஞர் ஜே. சி. புளூகல் ‘ஆண்களின் மாபெருந் துறவு’ என வருணித்தார். ஆயினும் இதனைத் துறவெனக் கொள்ளுதல் முற்றிலும் பொருந்தாது. பூர்ஷ்வா ஆண் தன் உடலிலிருந்து இறக்கிய அலங்காரத்தைத் தன் மனைவியின் உடல்மீது ஏற்றினான். அவனது கறுப்புக் கோட்டு உழைப்பையும் நம்பகத்தையும் அறிவித்தது. அவளது பட்டும் இறகும் அவ்வுழைப்பின் இலாபத்தை அறிவித்தன. கணவனின் செல்வத்துக்கு மனைவி விளம்பரப் பலகையானாள்.

‘டாண்டி’ எனப்பட்ட மிடுக்கர் கூட்டத்தின் தோற்றமும் இக்காலத்ததே. இங்கிலாந்தின் பிறமெல் இதன் முன்மாதிரி. அவர் பிரபு குலத்தவரல்லர். கடன்காரருக்கு அஞ்சி 1816 இற் பிரான்சுக்கு ஓடி, 1840 இற் கான் நகரில் வறியவராக இறந்தார். டாண்டியின் மிடுக்கு விலையுயர்ந்த அணிகளில் தங்கியிருக்கவில்லை. வெட்டிலும் பொருத்தத்திலும் சலவையிலும் தங்கியிருந்தது. இதிலொரு முரண்பாடு உள்ளது. பொன்னும் சரிகையும் உயர்குடியின் அடையாளமாக இருந்த காலத்தில் ஏழை ஒருவன் அதனைப் போலி செய்தல் அரிது. அடையாளம் நல்ல கம்பளிக் கோட்டொன்றுக்கும் தூய கழுத்துப்பட்டிக்கும் சுருங்கியபின், பழைய கோட்டைத் துலக்கி அணிந்த எழுதுவினைஞனும் மாணவனும் தூரத்தினின்று நோக்குவோர்க்குக் கனவானாகத் தோன்றலாயினர். பூர்ஷ்வா ஆணுடை தன் எளிமையினாலேயே களவாடப்படத்தக்கதாயிற்று. அதனைக் களவாடியோருட் பெண்களும் இருந்தனர்.

3. சட்டத்தின் இருமுகம்

1793 ஒக்டோபர் 29 ஆந் திகதி பிரெஞ்சுத் தேசியப் பேரவை உடைச் சுதந்திரம் பற்றிய ஆணையொன்றை நிறைவேற்றியது. குறிப்பிட்ட ஓர் உடையை அணியும்படி எவரும் எந்தக் குடிமகனையோ குடிமகளையோ வற்புறுத்தலாகாது என்பது அதன் சாரம். நிலமானியச் சமுதாயத்தின் உடைக் கட்டுப்பாடுகள் இதனால் முடிவுக்கு வந்தன. ஆனால் அவ்வாணையிலேயே ஒரு நிபந்தனை பொதிந்திருந்தது: ஒவ்வொருவரும் தத்தம் பாலுக்குரிய உடையையே விரும்பியவாறு அணியலாம். வர்க்கத் தடையை நீக்கிய அதே வாக்கியம் பால்தடையை நிலைநிறுத்தியது. மறுநாளே பெண்களின் அரசியற் கழகங்கள் தடைசெய்யப்பட்டன. இவ்விரு முடிவுகளும் அடுத்தடுத்த நாள்களில் எடுக்கப்பட்டமை தற்செயலன்று.

1800 நவம்பர் 7 ஆந் திகதி பாரிஸ் பொலிஸ் தலைமையதிகாரி டுபுவா பிறப்பித்த கட்டளை இந்நிபந்தனைக்கு நடைமுறை வடிவம் கொடுத்தது. ஆணுடை அணிய விரும்பும் பெண் பொலிஸ் தலைமையகத்தில் அனுமதி பெறல்வேண்டும். மருத்துவரின் சான்றிதழ் ஒன்றையும் காட்டல்வேண்டும். உடல்நலம் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்பட்ட காரணம். வறுமை ஒரு காரணமாக ஏற்கப்படவில்லை. 1804 இன் குடியியற் சட்டக்கோவை மணமான பெண்ணைக் கணவனின் அதிகாரத்தின் கீழ்க் கொணர்ந்தபோது இவ்வமைப்பு முழுமை பெற்றது. ஒரு சட்டம் பெண்ணின் சொத்தைக் கணவனின் கையில் வைத்தது. மற்றொன்று அவளது உடையைப் பொலிஸாரின் கையில் வைத்தது.

4. இருநூற்றைம்பது பிராங்கு

ஓரோர் டூப்பன் இவ்விரு சட்டங்களுக்கும் இடையிலேயே வாழநேர்ந்தவர். தந்தைவழியிற் பிரபு குலத்தவர். தாயோ பாரிஸிற் பறவை விற்றவர் ஒருவரின் மகள். 1821 இற் பாட்டி இறந்தபோது நோஆன் என்னுமிடத்துப் பண்ணைவீடும் நிலமும் அவருக்கு உரியனவாயின. 1822 இற் கசிமிர் டூடெவனை மணந்ததும் அச்சொத்தின் நிருவாகம் கணவனைச் சார்ந்தது. 1831 ஜனவரியில் ஆண்டின் ஒரு பகுதியைப் பாரிஸிற் கழிப்பதென்ற உடன்பாட்டுடன் அவர் புறப்பட்டபோது, அங்கு தங்கும் காலத்துக்கு மாதம் 250 பிராங்கு தருவதற்குக் கணவர் இணங்கினார். தமது சொத்தின் வருமானத்திலிருந்தே தமக்குப் படி பெறும் நிலை அவருடையது. ஆகவே சாண்டின் சிக்கனம் இயற்கையான வறுமையின் விளைவன்று. சட்டம் உண்டாக்கிய வறுமையின் விளைவு. 1836 இல் நீதிமன்ற வழியாகப் பிரிவு பெற்ற பின்னரே நோஆன் மீண்டும் அவர் கைக்கு வந்தது.

பாரிஸில் அவர் கண்டது யாது? அக்காலப் பாரிஸின் பெரும்பாலான வீதிகளில் நடைபாதை கிடையாது. கழிவுநீர் தெருவின் நடுவே ஓடியது. வசதிபடைத்த பெண்ணின் உடை இத்தெருவுக்கென ஆக்கப்பட்டதன்று; குதிரை வண்டிக்கென ஆக்கப்பட்டது. மெல்லிய சப்பாத்து இரண்டு நாளிற் கிழிந்தது. சேற்றைத் தவிர்க்க அணிந்த மரஅடிக் காலணி அவரை விழுத்தியது. வெல்வெற்றுத் தொப்பி மழையில் நனைந்து பாழாயிற்று. நிலத்தில் தோயும் பாவாடையை ஒரு கையால் உயர்த்திக்கொண்டே நடக்கவேண்டியிருந்தது. வண்டி வைத்திருக்க இயலாதவள் வண்டிக்குரிய உடையை அணிந்தால் உடைக்கும் நட்டம், உடலுக்கும் நட்டம். உடனிருந்த ஊர்க்கார இளைஞர்களோ அவரைப் போலவே குறைந்த பணத்தில் வாழ்ந்தும் நூலகம், நாடகசாலை, அரசியற் கூட்டம் எங்கும் சென்று வந்தனர்.

இந்நிலையில் அவருக்கு வழிகாட்டியவர் தாயார். தாம் இளமையில் வறுமையுற்றிருந்த காலத்தில் தமக்கு ஆணுடை அணிவிக்கும் யோசனை கணவருக்கே தோன்றியதென்றும், தம் சகோதரியும் அவ்வாறே செய்தாரென்றும், அதனாற் செலவு பாதியாகக் குறைந்ததென்றும் அவர் கூறினார். இச்செய்தி மிக முக்கியமானது. மேதையின் தனிப்பட்ட கண்டுபிடிப்பெனப் பிற்காலத்தார் கருதியது, உண்மையிற் கீழ்நிலைப் பாரிஸ் குடும்பங்களிற் பெண்கள் கையாண்ட வீட்டுச் சிக்கன முறைகளுள் ஒன்று. பறவை விற்பவனின் மகள் அறிந்திருந்ததைப் பிரபு குலத்துப் பேர்த்தி கற்றுக்கொண்டார்.

சாண்ட் தடித்த சாம்பல்நிறக் கம்பளியில் நீண்ட கோட்டொன்றையும், அதே துணியிற் காற்சட்டையையும் வேஸ்கோட்டையும் தைப்பித்துக்கொண்டார். சாம்பல்நிறத் தொப்பியும் கம்பளிக் கழுத்துப்பட்டியும் சேர, முதலாண்டு மாணவன் ஒருவனின் தோற்றம் முழுமையாயிற்று. அக்காலத்துப் பாணியும் அவருக்குத் துணைநின்றது. ‘காவற்கூண்டு’ என வேடிக்கையாக அழைக்கப்பட்ட அக்கோட்டு, இடுப்பை இறுக்காது தோளிலிருந்து குதிக்கால்வரை நேராகத் தொங்குவது. காவற்கூண்டை அளந்து தைத்தால் ஒரு படையணிக்கே பொருந்தும் என்ற பகிடியையும் அவர் நினைவுகூர்கின்றார். எல்லாவற்றுக்கும் மேலாக அவருக்கு மகிழ்ச்சியளித்தது இரும்புக் குதியுடைய பூட்ஸ். அதனை அணிந்து நகரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எந்நேரத்திலும், எக்காலநிலையிலும் நடக்க முடிந்தது.

நடப்பதோடு அமையவில்லை. பாரிஸ் நாடகசாலைகளில் மேடைக்கு முன்னேயிருந்த தரைத்தளமே மலிவான இடம். அங்கே பெண்கள் அனுமதிக்கப்படவில்லை. நாடகம் பார்க்க விரும்பும் பெண் விலையுயர்ந்த மாடத்துக்கே போகவேண்டும். எனவே சாண்டின் கோட்டு துணிச்செலவை மட்டுமன்றி நுழைவுச்சீட்டுச் செலவையும் குறைத்தது. விமர்சனம் நிகழ்ந்த இடமும் அத்தரைத்தளமே. கைதட்டியும் கூச்சலிட்டும் ஒரு நாடகத்தை வாழவைத்தவர்களும் வீழ்த்தியவர்களும் அங்கிருந்தவர்களே. ‘லு பிகாரோ’ பத்திரிகையில் அப்போது தொழில் பழகிக்கொண்டிருந்த இளம் எழுத்தாளருக்கு அவ்விடம் ஒரு கல்விக்கூடமாகும். 1832 இல் ‘இந்தியானா’ வெளிவந்தது. மணவாழ்வின் சட்டச் சிறையைப் பொருளாகக் கொண்ட அந்நாவலின் பின்னே, பாரிஸின் தெருக்களை நடந்தே அறிந்த ஒருவரின் அனுபவம் நிற்பதை மறுத்தற்கில்லை.

5. பழந்துணிச் சந்தையும் தையற்காரரும்

சாண்ட் புதுத் துணி வாங்கித் தைப்பிக்க வல்லவராயிருந்தார். அதற்கும் வழியற்றோர் சென்றடைந்த இடம் தாம்பிள் சந்தை. பதினாறாம் லூயி மன்னன் சிறைவைக்கப்பட்டிருந்த தாம்பிள் கோபுரம் 1808 இல் இடிக்கப்பட்டது. அப்பகுதியில் அடுத்த சில ஆண்டுகளுள் மரத்தாலான மண்டபங்கள் எழுந்தன. பழந்துணி வாணிகம் அங்கே குடிகொண்டது. சந்தை நான்கு பகுதிகளையுடையது. பட்டும் சரிகையும் விற்ற பகுதி பாரிஸின் பகட்டான மாளிகையொன்றின் பெயரைத் தாங்கியது; கந்தல் விற்ற பகுதிக்கு மக்கள் இட்ட பெயர் ‘பறக்கும் பேன்’. ஒரே கூரையின் கீழ் ஒரு சமுதாயத்தின் படிநிலை முழுவதும் பழந்துணி வடிவிற் பரப்பிவைக்கப்பட்டிருந்தது எனலாம். 1863 இல் இம்மண்டபங்கள் இரும்பால் மீளக் கட்டப்பட்டன.

இச்சந்தையில் ஆணின் கம்பளிக் கோட்டு நிலையான மதிப்புப் பெற்றிருந்தமைக்குத் தொழில்நுட்பக் காரணங்கள் உண்டு. நன்கு அடித்துத் திரட்டப்பட்ட கம்பளித் துணி வெட்டுமிடத்தில் எளிதில் நூல் பிரியாது. மார்புப் பகுதியினுள் விறைப்புத் துணி வைத்துத் தைக்கப்படுவதால் அணிபவர் மாறினும் கோட்டின் உருவம் குலைவதில்லை. தையல்களின் உள்ளே விடப்பட்ட மிகுதித் துணியைக் கொண்டு அதனை விரிக்கலாம், சுருக்குவதும் எளிது. மேற்புறம் தேய்ந்தபின் தையலைப் பிரித்து, உட்புறத்தை வெளியே திருப்பி மீளத் தைத்தல் வழக்கமாயிருந்தது. பின்னர் அதனைச் சிறுவனுக்கு ஏற்றவாறு வெட்டலாம், அதன்பின் தொப்பியாக்கலாம், இறுதியிற் கந்தலாகக் கிழித்து நூலாக்கலாம். 1813 அளவில் இங்கிலாந்தின் பற்லி நகரிற் பெஞ்சமின் லோ என்பவர் கந்தற் கம்பளியிலிருந்து மீண்டும் துணி நெய்யும் முறையைத் தொடக்கிவைத்த பின்னர் கோட்டின் மரணமே ஒரு கைத்தொழிலாயிற்று. பெண்களின் பட்டாடைகளும் கைமாறி விற்கப்பட்டவையே. ஆயினும் அவ்வாடை தனித்து நில்லாது. இடைக்கச்சு, உட்பாவாடைகள், கையுறை, தொப்பி என ஒரு பரிவாரமே அதற்கு வேண்டும். பழைய கோட்டொன்றை வாங்கியவர்க்குத் தூய கழுத்துப்பட்டி ஒன்றிருந்தால் மிடுக்கு நிறைவெய்தியது.

இலண்டனின் நிலையும் இதனையொத்ததே. அங்கு 1843 இல் ஹவுண்ட்ஸ்டிச் பகுதியிற் பழந்துணி மாற்றகம் ஒன்று நிறுவப்பட்டது. ஹென்றி மேஹியூ 1851 இல் வெளியிட்ட தமது பெரும் ஆய்வில், பழங்கோட்டுகளின் துளைகளை அடைப்போரையும், தேய்ந்த இடங்களுக்குச் சாயமேற்றிப் புத்துயிர் அளிப்போரையும் தனித்தனித் தொழிலாளர் வகையினராகக் குறித்துள்ளார். மிடுக்கென்பது உழைப்பின் விளைபொருள் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அதே இலண்டனில் 1852 பெப்ரவரியிற் கார்ல் மார்க்ஸ் தமது கோட்டுகள் அடகுக் கடையில் இருப்பதால் வீட்டைவிட்டு வெளிச்செல்ல இயலவில்லையென ஏங்கெல்சுக்கு எழுதினார். கோட்டின்றேற் பிரித்தானிய நூதனசாலையின் வாசிகசாலைக்கு மதிப்புடன் செல்லல் இயலாதென்பதை, 1998 இல் இதுபற்றி எழுதிய பீற்றர் ஸ்ராலிபிராஸ் எடுத்துக்காட்டினார். ‘மூலதனம்’ முதலாம் பாகத்தின் தொடக்கத்தில், இருபது யார் துணி ஒரு கோட்டுக்குச் சமம் என்ற உதாரணத்தை மார்க்ஸ் மீண்டும் மீண்டும் கையாள்கின்றார். பண்டத்தின் பெறுமதி பற்றிய அக்கோட்பாட்டை வகுத்தவர் கோட்டொன்றை அடகிலிருந்து மீட்பதன் பெறுமதியையும் அறிந்தவர். 1847 இல் வெளிவந்த ‘தத்துவத்தின் வறுமை’யை அவர் ஜோர்ஜ் சாண்டின் சொற்களோடு முடித்தார் என்பதும் இவ்விடத்தில் நினைவுகூரற்பாலது.

இக்கோட்டுகளைத் தைத்தோர் நிலை யாது? 1824 இற் பாரிஸிற் பியர் பரிசோ என்னும் வணிகர் ‘லா பெல் ஜார்டினியேர்’ என்ற ஆயத்த ஆடை நிறுவனத்தைத் தொடக்கினார். உழைப்பாளருக்கும் கீழ் நடுத்தர வகுப்பினருக்கும் ஆணுடை மலிவாகக் கிடைத்தது. அம்மலிவின் ஒரு பங்கு தையற்காரரின் கூலியிலிருந்தும் வந்தது. வேலை பிரிக்கப்பட்டு வீடுகளுக்கு அனுப்பப்பட்டது. தையற் பணியிற் பெண்கள் குறைந்த கூலிக்கு அமர்த்தப்பட்டனர். 1833 இற் பாரிஸ் தையற்காரர் வேலைநிறுத்தம் செய்து, தமக்கெனக் கூட்டுத் தொழிற்கூடம் ஒன்றையும் நிறுவ முயன்றனர். சாண்ட் சாம்பல்நிறக் கோட்டணிந்து உலாவிய ஆண்டுகளும் தையற்காரரின் கிளர்ச்சி ஆண்டுகளும் ஒன்றே. 1847-48 இல் தகவல் திரட்டப்பட்ட பாரிஸ் வணிகர் சபையின் விசாரணையின்படி, பாரிஸிற் பணிபுரிந்த ஆணின் சராசரி நாட்கூலி 3.80 பிராங்கு, பெண்ணின் கூலி 1.63 பிராங்கு. ஆணுடை பெண்ணுக்கு ஏன் கவர்ச்சியளித்தது என்ற வினாவுக்கு இவ்விரு எண்களும் விடையளிக்கும்.

6. அனுமதிச் சீட்டும் அதன் எல்லையும்

சாண்ட் அனுமதி பெறாமலே ஆணுடை தரித்தார். அவருக்குப் பின்வந்த ஓவியர் றோசா பொனேர் (1822-1899) முறைப்படி அனுமதி பெற்றார். அவரது தந்தையார் சென் சீமோனின் சமவுடைமைக் கருத்துகளைத் தழுவிய குழுவைச் சேர்ந்தவர். அக்குழுவினர் முதுகுப்புறத்திற் பொத்தான் இடும் மேற்சட்டையை அணிந்தனர். பிறரது உதவியின்றி எவரும் அதனை அணிய முடியாது. உடையைக் கொண்டு சகோதரத்துவத்தைப் போதித்த அத்தந்தை குடும்பத்தைக் காப்பாற்றத் தவறினார். இசை கற்பித்து உழைத்த தாய் 1833 இல் வறுமையில் இறந்தார். 1853 ஆம் ஆண்டுக் கண்காட்சியிற் புகழ்பெற்ற ‘குதிரைச் சந்தை’ ஓவியத்துக்காகப் பொனேர் குதிரைச் சந்தையிலும் இறைச்சிக் கொல்களத்திலும் ஆண்களிடையே நின்று வரையவேண்டியிருந்தது. 1857 மே மாதத்தில் அவருக்கு வழங்கப்பட்ட அனுமதிச் சீட்டு இன்றும் எஞ்சியுள்ளது. அது ஆறு மாதத்துக்கே செல்லுபடியாவது; காரணம் உடல்நலம் எனக் குறிக்கப்பட்டது; நாடகசாலை, நடனக்கூடம், பொதுமக்கள் கூடும் பிறவிடங்கள் ஆகியவற்றில் அவ்வுடையுடன் தோன்றலாகாதென அச்சிடப்பட்ட நிபந்தனையும் அதிலுண்டு.

இந்நிபந்தனை ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. உழைப்பதற்காக ஆணுடை அணியலாம். பொதுவாழ்விற் பங்குபற்றுவதற்காக அணியலாகாது. சாண்ட் தமது கோட்டினாற் பெற்ற முதற் பயன் நாடகசாலையின் தரைத்தளம். சட்டம் தடுக்க விரும்பியதும் அதனையே. பொலிஸார் அஞ்சியது காற்சட்டையையன்று. அது திறந்துவிடும் வாயில்களையே அஞ்சினர் என்பது இதனாற் பெறப்படும். புளோரா திரிஸ்தான் 1839 இல் இலண்டனில் துருக்கியர் ஒருவரின் உடையை இரவல் வாங்கி அணிந்து, பெண்களுக்கு அனுமதியில்லாத பொதுச்சபைக் கூடத்தினுள் நுழைந்தார். தொழிலாளர் ஐக்கியம் பற்றி 1843 இல் நூலெழுதிய அவருக்கு இரவல் உடையொன்று பாராளுமன்றத்தைக் காணும் கண்ணாயிற்று.

இம்மூவரும் பெயர்பெற்றோர். பெயரற்றோரைப் பற்றியும் கூறல்வேண்டும். இங்கிலாந்தின் விகன் பகுதி நிலக்கரிச் சுரங்கங்களின் மேற்றளத்தில் உழைத்த பெண்கள் தொழிலின் தேவை கருதிக் காற்சட்டை அணிந்தனர். அதனை எவரும் மிடுக்கெனப் பாராட்டவில்லை. ஒழுக்கக்கேடெனப் பத்திரிகைகள் பழித்தன. அவர்களது வேலையைச் சட்டத்தால் தடுக்கும் முயற்சி எழுந்தபோது, 1887 இல் அவர்களுட் சிலர் இலண்டனுக்குத் தூது சென்று தம் தொழிலுரிமைக்காக வாதாடினர். எழுத்தாளரின் காற்சட்டை விசித்திரம். ஓவியரின் காற்சட்டை சலுகை. தொழிலாளியின் காற்சட்டை இழிவு. ஒரே உடை வர்க்கத்துக்கேற்ப மூன்று பொருள் பெற்றது.

எள்ளலும் ஒரு தடையாகச் செயற்பட்டது. தோமியே 1844 இல் வெளியிட்ட கேலிச்சித்திரத் தொடர் எழுதும் பெண்களை இல்லறம் மறந்தோராகச் சித்திரித்தது. மன்னராட்சியைத் துணிவுடன் தாக்கிச் சிறைசென்ற குடியரசுவாதி அவர். வீட்டினுள் நிலவிய ஆட்சியை அவரும் கேள்விக்குட்படுத்தவில்லை.

சாண்டின் எல்லையையும் நாம் மறைத்தலாகாது. 1848 ஏப்ரிலிற் பெண்கள் பத்திரிகையொன்று அவரைத் தேர்தல் வேட்பாளராக முன்மொழிந்தபோது அவர் அதனைக் கடிந்து மறுத்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்திற் பாரிஸ் தொழிலாளர் படுகொலை செய்யப்பட்ட பின்னர் அரசியலினின்று ஒதுங்கி நோஆனில் வாழ்ந்தார். திரும்பிச் செல்வதற்கு அவருக்குப் பண்ணைவீடு இருந்தது, 1.63 பிராங்குக்குத் தைத்த பெண்ணுக்கு அது இல்லை. ஆணுடை ஒருவரைத் தெருவுக்குக் கொண்டுசெல்லும். தெருவில் நிற்போரோடு அவரை இணைத்துவிடும் என்பதற்கு உறுதியில்லை.

7. முடிவுரை

1800 ஆம் ஆண்டுக் கட்டளை 1892 இலும் 1909 இலும் தளர்த்தப்பட்டது. சைக்கிளின் கைபிடியையோ குதிரையின் கடிவாளத்தையோ பற்றியிருக்கும் பெண் காற்சட்டை அணிவது குற்றமன்று எனப்பட்டது. நடைமுறையில் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த அக்கட்டளை சட்ட வலுவற்றதென்று பெண்ணுரிமை அமைச்சர் 2013 ஜனவரி 31 ஆந் திகதி அறிவித்தார். அதற்கிடையில் 1966 இற் பாரிஸின் உயர்தர ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சென் லோறன் ஆண்களின் விருந்துக் கோட்டைப் பெண்ணுக்கென வடிவமைத்து விற்றார். சிக்கனத்தின் பொருட்டுப் பெண்கள் கையாண்ட உடை, அதே நகரில், செல்வர் மாத்திரம் வாங்கக்கூடிய பண்டமாகத் திரும்பிவந்தது. எதிர்ப்பின் வடிவங்களையும் விலைகுறித்து விற்கும் ஆற்றல் முதலாளித்துவத்துக்கு உண்டென்பதற்கு இது தெளிவான உதாரணம்.

இன்றும் மேலைநாட்டு நகரங்களிற் பழந்துணிக் கடைகளில் ஆண்களின் கோட்டை வாங்கி, தோளைச் சுருக்கி, கையை மடித்து, மிடுக்குடன் அணியும் பெண்கள் பலர். உறுதியான துணி, ஆழமான சட்டைப்பை, குறைந்த விலை ஆகியன அவர்களை ஈர்க்கின்றன. தாம்பிள் சந்தையின் தர்க்கம் மாறவில்லை. மாறியது உழைப்பின் இடமே. 1978 இற் கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்ட காலந்தொட்டு, அந்நாடுகளின் உடைகளிற் கணிசமானவற்றை நம் நாட்டுக் கிராமங்களிலிருந்து சென்ற இளம் பெண்களே தைத்து வந்துள்ளனர். பாரிஸ் தையற்காரர் 1833 இல் எழுப்பிய கூலிப் பிரச்சினை அவர்களது தையற் பொறிகளின் முன்னும் எழுகின்றது.

இலக்கிய ஆய்வாளருக்கு இவ்வரலாறு உணர்த்தும் பாடம் ஒன்றுண்டு. ஆசிரியர் ஒருவரின் உடையை, நடையை, வாழ்முறையை ‘ஆளுமை’ என்ற ஒரு சொல்லுள் அடக்கிவிடுதல் எளிது. அவ்வாறு அடக்குங்கால், 250 பிராங்குப் படியும், பறவை விற்றவனின் மகள் கூறிய அறிவுரையும், நாடகசாலையின் தரைத்தளமும், கோட்டைத் தைத்த கைகளும் நம் பார்வையிலிருந்து மறைந்துபோகின்றன. ‘இந்தியானா’ எவ்வாறு எழுதப்பட்டது என்று வினவும் ஆய்வு, அதனை எழுதியவர் எவ்வுடையில், யாருடைய பணத்தில், எந்தெந்த வாயில்களைக் கடந்து சென்றார் என்றும் வினவுதல் வேண்டும்.